எண்ணியது சரியா? தாவரப் பிளாந்தன் எண்ணிக்கையைச் சோதிக்க ஐந்து வழிகள், வன்னிக் கணக்கில்

முல்லைத்தீவின் நந்திக்கடல் களப்பில் அள்ளிய தண்ணீர் ஒரு போத்தல். அதில் மிதக்கும் தாவரப் பிளாந்தனை, அதாவது நுண்ணிய பாசிகளை, ஒரே அறையில் இரண்டு பேர் எண்ணுகிறார்கள். ஒருவருக்கு 112 கலம், மற்றவருக்கு 80. அறிக்கையில் எதைப் போடுவது? கூட்டி இரண்டால் பிரித்து 96 என்று எழுதிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போவதுதான் பல இடங்களில் நடக்கிறது. அந்த 96 யாருடைய எண்ணிக்கையும் இல்லை. இருவருக்கும் இடையில் என்ன பிழைத்தது என்ற கேள்வியை அது மூடிவிடுகிறது, அவ்வளவுதான்.

கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் இறுதியாண்டு ஆய்வு செய்யும் பிள்ளைகள், மன்னார்ப் பக்கம் கடலட்டைப் பொரிப்பகத்தில் பாசி வளர்ப்பவர்கள், களப்பில் மீன் செத்து மிதந்தால் காரணம் சொல்ல வேண்டிய அலுவலர்கள் எல்லோரும் ஒரே கேள்வியில்தான் நிற்கிறார்கள்: காசும் ஆளும் கொஞ்சம், சரிபார்க்க ஒரு வழிதான் கட்டும் என்றால் எதை எடுப்பது? ஒரே ஆள் திரும்ப எண்ணுவதா, இன்னொருவரிடம் கொடுப்பதா, தெரிந்த எண்ணிக்கையை வைத்துச் சோதிப்பதா, வேறு ஆய்வுகூடத்தோடு மாதிரி மாற்றுவதா, சர்வதேச ஒப்பீட்டில் சேர்வதா?

என் கட்சியை முதலே சொல்லிவிடுகிறேன். எண்ணிக்கைப் பிழை வேறு, பெயர்ப் பிழை வேறு. ஒன்றைப் பிடிக்கும் வலையில் மற்றது விழாது. உங்களைக் கெடுக்கக்கூடியது எந்தப் பிழை என்று தெரியாமல் வழியைத் தேர்ந்தால் காசு கரியாகும்.

## எதை வைத்து எடைபோடுவது

பிழை நுழையும் வாசல் நாலு. ஒவ்வொரு வழியும் எந்த வாசலைக் காக்கிறது என்பதே முதல் அளவுகோல்.

பகுதி எடுக்கும் பிழை. போத்தலில் இருப்பது 250 மி.லீ. என்றால் எண்ணுவது 10 மி.லீ. அல்லது வெறும் 1 மி.லீ. போத்தல் நன்றாகக் கலக்கப்படாவிட்டால் சிலிக்கா ஓடுள்ள பாரமான டயற்றம் பாசி அடியில் கிடக்கும், நீங்கள் மேல் தண்ணீரை எண்ணுவீர்கள்.

வாய்ப்புப் பிழை. இது யாருடைய குற்றமும் அல்ல. கலங்கள் தட்டில் எழுமாறாக விழுந்திருந்தால், 100 கலம் எண்ணிய ஒருவருடைய விடை 95 வீத நம்பிக்கையில் கூடக்குறைய 20 வீதம் ஆடும். 400 எண்ணினால் 10 வீதம். 25 எண்ணினால் 40 வீதம். நாலே நாலு என்றால் 100 வீதம், அதாவது விடை இருந்தும் இல்லாத மாதிரி. ஆட்டத்தைப் பாதியாக்க எண்ணிக்கையை நாலு மடங்காக்க வேண்டும். மூச்சுப் பிடித்து இன்னும் கவனமாக எண்ணுவதால் இது குறையாது.

பெயர்ப் பிழை. சூடோ-நிட்ஸ்கியா என்ற ஊசி வடிவ டயற்றத்தை எடுங்கள். உயிரோடு இருக்கையில் கலங்கள் நுனியோடு நுனி ஒட்டிப் படிக்கட்டுப் போல நீளும், பார்த்தவுடன் தெரியும். பதப்படுத்த லூகோல் என்ற அயடீன் கரைசலை ஊற்றிச் சில கிழமை வைத்தால் சங்கிலி உடைந்து ஒற்றை ஊசிகளாகக் கிடக்கும். அந்த ஒற்றை ஊசியைச் சாதாரண நிட்ஸ்கியா என்று எழுதியவரைக் குறை சொல்லவும் முடியாது. ஆனால் சூடோ-நிட்ஸ்கியாவின் சில இனங்கள் டொமோயிக் அமிலம் என்ற நஞ்சை உண்டாக்குபவை. அதற்குள் எந்த இனம் என்பதோ ஒளி நுணுக்குக்காட்டியில் தீராது, இலத்திரன் நுணுக்குக்காட்டி வேண்டும். அதனால்தான் கலத்தின் அகலம் 3 மைக்ரோமீற்றருக்குக் கூடவா குறைவா என்று பார்த்து இரண்டு கூட்டமாகப் பிரித்து எழுதும் வழக்கம் வந்தது.

காலப்போக்கில் வழுவுதல். மூன்று வருடத்துக்கு முன் 'செரேற்றியம்' என்று எழுதிய அதே கடல் உயிரி இன்று 'ட்ரைப்போஸ்' என்று பதிவாகிறது. பட்டியலைப் பார்ப்பவருக்கு ஒன்று அழிந்து இன்னொன்று வந்ததாகத் தோன்றும். எண்ணுபவர் மாறும்போதும் இதே கதைதான்.

இந்த நாலோடு செலவையும் பாருங்கள். காசுச் செலவைவிட நேரச் செலவுதான் இங்கே கடி. கலங்களை அடியில் படியவிட்டுக் கீழிருந்து பார்த்து எண்ணும் படிவுக் கூட்டில் ஒரு மாதிரியை முழுமையாக எண்ண அரை நாள் போய்விடும். கடைசியாக, அந்தச் சோதனையை யார் நம்புவார்கள் என்பது. உங்கள் மேற்பார்வையாளர் நம்புவது ஒன்று, ஏற்றுமதி வாங்குபவர் நம்புவது இன்னொன்று.

## எந்த வழியும் காப்பாற்றாத இடம்

ஐந்து வழிக்கும் முன்னால் போத்தல் சரியாக இருக்க வேண்டும். 100 மி.லீ.க்கு அரை முதல் ஒரு மி.லீ. லூகோல் விட்டால் பிளேன்ரீ நிறம் வரும். பிளாஸ்ரிக் போத்தலில் அயடீன் சுவரோடு போய்விடும், நிறம் வெளிறும். மாதம் ஒருமுறை பார்த்து மீண்டும் விட வேண்டும். கண்ணாடிப் போத்தல், இருட்டு, குளிர். அமில லூகோல் கொக்கோலித்தோஃபோர் பாசிகளின் சுண்ணாம்புத் தகடுகளைக் கரைத்துவிடும் என்பதையும், ஃபோர்மலின் மெல்லிய சவுக்குயிர்களைச் சிதைத்துவிடும் என்பதையும் குறித்து வையுங்கள். கரைந்துபோனதை எத்தனை பேர் எண்ணினாலும் பூச்சியம்தான், அதுவும் அழகாக ஒத்துப்போகும் பூச்சியம்.

நம் வெக்கையும் ஒரு பிழை. குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த போத்தலை உடனே கூட்டில் ஊற்றினால் குமிழி வரும், தண்ணீர் உள்ளே சுழலும், கலங்கள் ஒரு பக்கமாக ஒதுங்கிப் படியும். ஒரு இரவு அறை வெப்பத்தில் விட்டு எடுங்கள். மேலே மின்விசிறியும் பக்கத்தில் வெயில் விழும் ஜன்னலும் வேண்டாம். 10 மி.லீ. கூட்டுக்கு 8 மணித்தியாலம், 50 மி.லீ.க்கு ஒரு நாள், 100 மி.லீ.க்கு இரண்டு நாள் படியவிடுவது பொது வழக்கம்.

நந்திக்கடலுக்கென்று ஒரு தனித் தொல்லை உண்டு. ஆழம் குறைந்த களப்பு. சோளகக் காற்று அடிச்சேற்றைக் கிளப்பிவிடும். 50 மி.லீ. படியவைத்தால் சேற்றுக்குக் கீழே கலங்கள் மறையும். 5 அல்லது 10 மி.லீ. எடுங்கள், அதுவும் கலங்கினால் அதே உப்புத்தன்மையுள்ள வடிகட்டிய நீரால் ஐதாக்குங்கள். முல்லைத்தீவுக்கு வெளியே திறந்த கடலில் அள்ளியதென்றால் மறுதலை: 50, 100 இல்லாமல் போதாது.

## முதல் வழி: அதே ஆள் திரும்ப எண்ணுவது

செலவில்லை, ஆள் தேட வேண்டியதில்லை. தனியாக வேலை செய்யும் பிள்ளைக்கு இதுவே கையில் உள்ளது.

ஆனால் எதைத் திரும்ப எண்ணுகிறீர்கள்? அதே தட்டை மறுபடி எண்ணினால் உங்கள் கண்ணின் களைப்பு மட்டுமே தெரியும். அதே போத்தலைக் கவிழ்த்தும் உருட்டியும் மெல்லக் கலக்கிப் புதிதாக ஒரு கூடு ஊற்றி எண்ணினால் பகுதி எடுக்கும் பிழையும் சேர்ந்து வெளிப்படும். நேரம் இரட்டிதான், ஆனால் பெறுமதி அதற்கு மேல். செய்வதென்றால் இரண்டாவதைச் செய்யுங்கள்.

மறைந்த செலவு ஞாபகம். முதல் விடை தலைக்குள் இருக்கும்போது இரண்டாவது விடை தானாக அதன் பக்கம் சாயும். சாயாமல் எண்ணினேன் என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. போத்தலின் இலக்கத்தை வேறொருவர் மாற்றி ஒட்டி, ஒரு கிழமை கழித்துக் கொடுத்தால் ஓரளவு தப்பலாம்.

பெயர்ப் பிழைக்கு இந்த வழி சல்லிக்காசுக்கு உதவாது. பிழையாகப் பழகியவர் பிழையையே மாறாமல் திரும்பச் செய்வார்.

## இரண்டாவது வழி: இன்னொரு கண்

பத்து மாதிரிக்கு ஒன்றை, முதல் விடை தெரியாத இன்னொருவர் எண்ணுவது. நான் முதலில் வாங்கச் சொல்லும் மருந்து இதுதான்.

இரு விடையும் ஒத்துப்போகிறதா என்று முகம் பார்த்து முடிவெடுக்க வேண்டாம், சின்னக் கணக்கு ஒன்று இருக்கிறது. வித்தியாசத்தை வர்க்கித்து, கூட்டுத்தொகையால் வகுங்கள். விடை 3.84க்கு மேலே போனால், வாய்ப்பால் மட்டும் அப்படி நேர்வது இருபதில் ஒரு தரம்கூட இல்லை. காரணம் தேட வேண்டும். 112உம் 86உம் என்றால் வித்தியாசம் 26, வர்க்கம் 676, கூட்டுத்தொகை 198, விடை 3.41. விடலாம். 112உம் 80உம் என்றால் 1024ஐ 192ஆல் வகுத்து 5.33. விடக்கூடாது. மேலே சொன்ன 96 ஏன் ஏமாற்று என்று இப்போது தெரியும்.

இரண்டு எச்சரிக்கை. கணக்கில் போடுவது கண்ணால் எண்ணிய பச்சை எண்ணாக இருக்க வேண்டும். லீற்றருக்கு இத்தனை என்று ஆயிரத்தால் பெருக்கிய பிறகு போட்டால் எல்லா மாதிரியும் தோற்றுவிடும். அடுத்தது சங்கிலி. கீற்றோசெரோஸ், ஸ்கெலெற்றோனீமா போன்றவற்றின் கலங்கள் கூட்டமாக விழுகின்றன, தனித்தனியாக இல்லை. ஆகவே சங்கிலிகளின் எண்ணிக்கையை வைத்தே ஒப்பிடுங்கள், கலங்களை வேறாக எழுதுங்கள்.

சண்டை பெரும்பாலும் கண்ணில் இல்லை, விதியில் இருக்கிறது. கோட்டில் விழுந்த கலத்தை எண்ணுவதா? மேல் கோடும் இடக் கோடும் உள்ளே, கீழும் வலமும் வெளியே என்று எழுதி நுணுக்குக்காட்டிக்கு மேலே ஒட்டுங்கள். உள்ளே ஒன்றுமில்லாத வெறும் ஓடு? எண்ணக்கூடாது. ட்ரைக்கோடெஸ்மியம் அடியில் படியாமல் மூடிக் கண்ணாடியின் கீழ்ப்புறம் ஒட்டி நிற்கிறதா? வில்லையை மேலே குவித்து அங்கேயும் பார்க்க வேண்டும். ஒருவர் பார்த்து மற்றவர் பார்க்காவிட்டால் அங்கேதான் 32 கலம் காணாமல் போயிருக்கும்.

வித்தியாசங்களை ஒரு கொப்பியில் வரிசையாகப் பதியுங்கள். இருபதளவு சேர்ந்ததும் சராசரியும் நியம விலகலும் கண்டு வரைபு கீறலாம். இரண்டு விலகலுக்கு வெளியே போனால் கவனம், மூன்றுக்கு வெளியே போனால் எண்ணுவதை நிறுத்திக் காரணம் தேடுவது.

இந்த வழியின் பொல்லாத பக்கம், இருவரும் ஒரே ஆசிரியரிடம் பழகியவர்கள் என்பது. வன்னியில் ஏறக்குறைய எப்போதும் அப்படித்தான். இருவரும் ஒரே பெயரைச் சொல்வதைச் சரி என்று எடுத்துக்கொள்வது, ஒரே சமையல் குறிப்பை இரண்டு பேர் படித்தால் கறிக்கு உப்பு அளவாகிவிடும் என்பது மாதிரி.

## மூன்றாவது வழி: தெரிந்த எண்ணிக்கையை வைத்துச் சோதிப்பது

பொரிப்பகத்தில் வளரும் ஒற்றைப் பாசி வளர்ப்பை, இரத்தக் கலம் எண்ணும் கட்டத் தட்டான ஹீமோசைற்றோமீற்றரில் பல தரம் எண்ணி, அளவோடு ஐதாக்கி, மற்றவர்களுக்குப் பெயரிடாத போத்தலாகக் கொடுப்பது. விடை தெரிந்த வினாத்தாள். எவ்வளவு திரும்பக் கிடைக்கிறது என்பது நேராகத் தெரியும். கூட்டில் படியாமல் போனது, குழாயில் ஒட்டிக்கொண்டது, பெருக்குக்கணக்கில் ஒரு பூச்சியம் தவறியது எல்லாம் இதில் அகப்படும். பெருக்குக்கணக்குப் பிழை சிரிப்புக்குரியதாகத் தோன்றலாம், ஆனால் அதுதான் பத்து மடங்கு பிழையைத் தருவது.

களப்பின் சேறும் கலப்பு இனங்களும் இதில் இல்லை. பெயர் சொல்லும் திறமை சோதிக்கப்படுவதே இல்லை. பொரிப்பகத்துக்கு இது போதும், களப்புக் கண்காணிப்புக்குப் பாதி.

இடையே ஒரு வார்த்தை: ஹீமோசைற்றோமீற்றரை இயற்கை நீருக்குப் பாவிப்பதை நிறுத்துங்கள். அதன் ஒன்பது பெருஞ்சதுரமும் சேர்ந்து 0.9 மைக்ரோலீற்றர். அதில் ஒரு கலம் கண்டால் லீற்றருக்குச் சுமார் 11 இலட்சம் என்று கணக்கு வரும். செட்ஜ்விக்-ராஃப்டர் தட்டு 1 மி.லீ. கொள்ளும், முழுவதும் எண்ணினால் ஒரு கலம் லீற்றருக்கு 1000. ஸ்கொட்லாந்தில் அலெக்ஸாண்ட்ரியம் என்ற நச்சுப் பாசி லீற்றருக்கு 40 கலம் வந்தாலே எச்சரிக்கை மட்டம். அது 25 மி.லீ.யில் ஒரே ஒரு கலம். கருவி பிழையென்றால் எந்தச் சரிபார்ப்பும் வீண்.

## நாலாவது வழி: வேறு ஆய்வுகூடத்தோடு மாற்றிக்கொள்வது

பெயர்ப் பிழைக்கு உண்மையான மருந்து இங்கிருந்துதான் தொடங்குகிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம், பம்பைமடுவில் உள்ள வவுனியாப் பல்கலைக்கழகம், கொழும்பில் நாரா என்ற அரச நீர்வள ஆராய்ச்சி நிறுவனம். வேறு ஆசிரியர், வேறு நூல்கள், வேறு பழக்கம். ஒரு போத்தலை நன்றாகக் கலக்கி இரண்டாகப் பிரித்து ஒன்றை அனுப்பினால் போதும், ஏ-9 வீதியில் பஸ்ஸில் போய்விடும். ஆனால் குலுங்கிக் கொதிக்கும் பஸ்ஸில் போன போத்தலும் உங்கள் அலுமாரியில் இருந்த போத்தலும் ஒன்றல்ல. ஆகவே உங்கள் பாதியையும் ஒரு சுற்றுப் பயணம் அனுப்பிவிட்டு எண்ணுவது நல்லது. பகிடி இல்லை.

போத்தல் அனுப்ப முடியாவிட்டால் படம். கைபேசியைக் கண்வில்லையில் பொருத்தி எடுக்கலாம். ஒரே படம் எடுத்து 'இது என்ன?' என்று கேட்பதில் பயனில்லை. குவிவை மாற்றி நாலைந்து படம், கலத்தைப் புரட்டி இன்னொரு பக்கம், அளவுகோல் கட்டாயம். அளவுகோலை மேடை மைக்ரோமீற்றரால் (நுண்ணிய கோடுகள் கீறிய கண்ணாடித் தட்டு) ஒவ்வொரு வில்லைக்கும் தனித்தனியே அளந்து வைத்திருக்க வேண்டும். கவசமுள்ள டைனோபிளாஜெலேற்றுகளின் (இரு சவுக்கால் நீந்தும் நுண்பாசிகள்) தட்டு வரிசையைப் படத்தில் காண்பது கடினம். கல்கோஃபுளோர் சாயமும் புற ஊதா ஒளியுள்ள நுணுக்குக்காட்டியும் வேண்டிவரும். கிடைக்காவிட்டால் சாதிப்பெயரோடு நிறுத்துங்கள். இனப்பெயர் போடாதது குறையல்ல, தெரியாமல் போடுவதுதான் குறை.

மறைந்த செலவு உறவு. அடுத்த ஆய்வுகூடம் உங்களுக்குச் செய்யும் உபகாரத்தை நீங்களும் திருப்பிச் செய்ய வேண்டும். அவர்களுடைய பரீட்சைக் காலத்தில் பதில் வராது. இன்னொன்று, விடை வேறுபட்டால் பெரிய இடம் சொன்னதே சரி என்று சின்ன இடம் தலையாட்டிவிடும் ஆபத்து. யார் சரி என்பதை இடத்தின் பெயர் தீர்க்காது, படமும் விளக்கமும் தீர்க்கட்டும்.

## ஐந்தாவது வழி: சர்வதேச ஒப்பீடு

அயர்லாந்தின் மரைன் இன்ஸ்டிடியூட், கொபென்ஹேகனில் உள்ள யுனெஸ்கோ சார்ந்த தீங்குப் பாசி மையத்தோடு சேர்ந்து நடத்திவந்த ஒப்பீடு இத்துறையில் பேர்பெற்றது. ஒரே மாதிரியைப் பல நாட்டு ஆய்வுகூடங்களுக்கு அனுப்பி எண்ணச் சொல்வார்கள், இணையத்தில் பெயர் காணும் வினாவும் உண்டு. உங்கள் விடை ஒப்பீட்டு விடையிலிருந்து எவ்வளவு விலகியது என்பது இசட் புள்ளியாக வரும்: 2க்குள் என்றால் திருப்தி, 2க்கும் 3க்கும் இடையில் என்றால் சந்தேகம், அதற்கு மேல் என்றால் தோல்வி. ஆய்வுகூடத் தகுதிக்கான சர்வதேச நியமமான ஐ.எஸ்.ஓ. 17025 அங்கீகாரம் கேட்கப் போகிறவருக்கு இப்படியான வெளிச்சோதனை தேவைப்படும்.

செலவு கட்டணத்தோடு முடியாது. வெளிநாட்டு நாணயத்தில் கட்ட வேண்டும், சுங்கத்தில் அயடீன் கலந்த திரவம் என்று மறிபடலாம், விடை அனுப்பக் கெடு உண்டு, தலைகீழ் நுணுக்குக்காட்டியும் படிவுக் கூடும் கையில் இருக்க வேண்டும். வரும் மாதிரி பெரும்பாலும் வளர்ப்புக் கலங்கள், நந்திக்கடலின் சேறு அதில் இராது. அதில் நல்ல புள்ளி வாங்கியவர் நந்திக்கடலோரத்து வட்டுவாகல் தண்ணீரில் தடுமாறலாம்.

## ஒரே பார்வையில்

| வழி | பகுதி எடுத்தல் | எண்ணுதல் | பெயர் | உண்மையான செலவு |
|---|---|---|---|---|
| அதே ஆள், புதிய கூடு | பிடிக்கும் | ஓரளவு | பிடிக்காது | இரட்டி நேரம் |
| இன்னொரு கண் | புதிய கூடென்றால் பிடிக்கும் | நன்றாகப் பிடிக்கும் | கொஞ்சம் | பத்துக்கு ஒன்று கூடுதல் வேலை |
| தெரிந்த எண்ணிக்கை | பிடிக்கும் | நன்றாகப் பிடிக்கும் | இல்லை | வளர்ப்பு வைத்திருத்தல் |
| அடுத்த ஆய்வுகூடம் | கலப்பைப் பொறுத்தது | பிடிக்கும் | நன்றாகப் பிடிக்கும் | காத்திருப்பு, கைம்மாறு |
| சர்வதேச ஒப்பீடு | பிடிக்கும் | நன்றாகப் பிடிக்கும் | பிடிக்கும், ஆனால் நம் இனங்களுக்கல்ல | நாணயம், சுங்கம், கருவி |

## யாருக்கு எது

இறுதியாண்டு மாணவர்: இரண்டாவது வழி, பத்துக்கு ஒன்று. பக்கத்து மேசைத் தோழியோடு ஒப்பந்தம் போட்டால் இருவருக்கும் தீரும். அதோடு ஆய்வில் பெயரிட்ட ஒவ்வொன்றுக்கும் அளவுகோலோடு ஒரு படம். பெயரை ஆல்காபேஸ் என்ற பாசிப்பெயர் இணையத்தளத்தில் பார்த்து, பார்த்த திகதியையும் எழுதுங்கள். பெயர் நாளை மாறினாலும் படம் மாறாது.

பொரிப்பகம்: மூன்றாவது போதும். மி.லீ.க்கு 10 இலட்சம் கலமுள்ள வளர்ப்பென்றால் ஹீமோசைற்றோமீற்றரின் ஒரு பெருஞ்சதுரத்தில் 100 கலம் இருக்கும், நாலு மூலையும் எண்ணினால் 400. அதுவே 10 வீதத் துல்லியம், குடம்பிக்குத் தீனி போட அதற்கு மேல் தேவையில்லை. சர்வதேச ஒப்பீட்டுக் காசில் நல்ல குழாயி வாங்குங்கள்.

களப்பை வருடக்கணக்கில் கண்காணிப்பவர்: இரண்டாவதும் நாலாவதும் சேர்ந்து. ஆள் மாறும் காலத்தில் பழையவரும் புதியவரும் ஒரே போத்தல்களைச் சில மாதம் சேர்ந்து எண்ணாவிட்டால், மாறியது களப்பா ஆளா என்று பிறகு ஒருவராலும் சொல்ல முடியாது. மாரியில் உப்புக் குறைந்து கோடையில் ஏறும் நந்திக்கடலில் இனங்களும் பருவத்தோடு மாறும். ஆகவே பரிமாற்றத்தை வருடத்தில் இரண்டு தரம், மாரிக்கு ஒன்று கோடைக்கு ஒன்று என்று வையுங்கள்.

மீன் இறப்புக்குக் காரணம் சொல்ல வேண்டியவர்: இங்கே எண்ணிக்கை 20 வீதம் கூடிக் குறைந்தால் ஒன்றும் கெடாது, பெயர் பிழைத்தால் எல்லாம் கெடும். நேராக நாலாவது. போத்தலைப் பிரிக்கும்போது லூகோல் விடாத உயிர் மாதிரி ஒன்றையும் அன்றே பாருங்கள். நீந்தும் விதம் லூகோலில் செத்துப்போகிறது. 2019 செப்டெம்பரில் தமிழ்நாட்டின் மண்டபம் பக்கம் கடல் பச்சையாகி மீன் செத்தபோது காரணமான நொக்ற்றிலூக்கா போன்ற பெரிய உயிரி என்றால் வெறுங்கண்ணுக்கே புள்ளியாகத் தெரியும், அதை வாளியிலேயே அடையாளம் காணலாம். மீனைத் தனியே ஐஸில் வையுங்கள், கரைந்த ஒட்சிசனை அந்த இடத்திலேயே அளவிடுங்கள். பாசி பெருகியிருப்பது மட்டும் பாசிதான் கொன்றது என்பதற்குச் சாட்சியாகாது.

சிப்பி, மட்டி ஏற்றுமதிக்குச் சான்று கொடுக்க நினைப்பவர்: ஐந்தாவது இல்லாமல் முடியாது. ஆனால் அதில் சேர்வதற்கு முன் ஒரு வருடமாவது இரண்டாவது வழியின் கொப்பி நிறைந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் தோல்விப் புள்ளி வந்தாலும் எங்கே பிழைத்தது என்று திரும்பிப் பார்க்க உங்களிடம் ஒரு பதிவும் இராது.